கிணற்று நீரிலிருந்து தொடங்கிய பாடத்திட்டம்

2017ஆம் ஆண்டு. எங்கள் இரசாயனவியல் துறையில் முதல் வகுப்புச் சித்தி பெற்று வெளியேறிய மாணவி ஒருவர் கொழும்பிலுள்ள ஒரு நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு, அடுத்த வாரம் என் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒரு றிப்போட்டைத் தந்தவை சேர். நைத்திரேற்று 12 எண்டு இருந்தது. இந்தத் தண்ணி குடிக்கலாமோ எண்டு கேட்டினம். எல்லை 50தானே, குடிக்கலாம் எண்டு சொன்னன். அது நைத்திரேற்றாக 12ஓ, நைதரசனாக 12ஓ எண்டு கேக்கத் தோன்றேல்லையோ பிள்ளை எண்டு கேட்டினம். எனக்கு ஒண்டும் வரேல்லை."

இந்தக் கேள்வியின் கனம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குடிநீரில் நைத்திரேற்றின் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் இலங்கையின் எஸ்எல்எஸ் 614 நியமமும் சொல்கின்றன. ஆனால் பல ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு அறிக்கை கொடுப்பதுண்டு. நைத்திரேற்றின் மூலக்கூற்றுத் திணிவு 62, நைதரசன் 14. நைதரசனாகச் சொன்ன அளவை நைத்திரேற்றாக மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். நைத்திரேற்றாக 12 என்றால் நல்ல தண்ணீர். நைதரசனாக 12 என்றால் அது 53, எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு இரசாயனவியல் தெரியாமலில்லை. 62ஐ 14ஆல் வகுக்கத் தெரியாதவருக்கு முதல் வகுப்பு கிடைக்காது. நைத்திரேற்றைப் பற்றி அசேதன இரசாயனவியலிலும் சூழல் இரசாயனவியலிலும் பகுப்பாய்வு இரசாயனவியலிலும் மூன்று தடவை படித்திருந்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு தடவைகூட ஒரு கிணற்றுத் தண்ணீரை எடுத்து அளந்து, "குடிக்கலாம்" என்றோ "குடிக்காதீர்கள்" என்றோ தன் கையெழுத்தை வைத்து எழுதியதில்லை. அதை அவருக்குக் கொடுக்காதது நாங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். செம்மண் தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலக்குழிக் கழிவும் அந்தச் சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகின்றன. இந்த மண்ணில் இரசாயனவியல் படித்து வெளியேறும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தெரியாமல் போனது என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை.

அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் பிளஸ் நிதியில் ஒரு கூட்டுத் திட்டம் எங்கள் பீடத்துக்கு வந்தது. விஞ்ஞானப் பட்டங்களின் பாடத்திட்டத்தை வேலைத்தளத் தேவைக்கு ஏற்பப் புதுப்பிப்பது அதன் நோக்கம். மூன்று ஆண்டுக் காலம். ஐரோப்பாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள், இந்தப் பக்கத்தில் நாங்களும் இன்னும் சிலரும். எங்கள் துறையின் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இப்போது இறங்கும் இளைய விரிவுரையாளர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதற் கூட்டத்தில் எல்லாரும் பேசியது கருவிகளைப் பற்றி. கலவைகளைப் பிரித்தறியும் எச்பிஎல்சி வேண்டும், உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் பட்டியலோடு வந்திருந்தது. போரால் இருபது, முப்பது ஆண்டுகள் எதுவும் கிடைக்காமல் இருந்த ஆய்வுகூடங்கள் அவை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தின் விதியில் மொத்த நிதியில் 30 சதவீதத்துக்கு மேல் கருவிகளுக்கு ஒதுக்க முடியாது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். இன்று திரும்பிப் பார்க்கும்போது அந்த விதிதான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். பணம் கருவிக்குப் போக முடியாததால் மனிதரிடம் போக வேண்டியிருந்தது.

வேலை கொடுப்பவர்களுக்கு என்ன தேவை என்று அறிய முதலில் வினாக்கொத்து அனுப்பினோம். விரல்விட்டு எண்ணக்கூடிய பதில்களே வந்தன. வந்தவற்றிலும் தொடர்பாடல் திறன், குழுவாக இயங்கும் திறன், தலைமைத்துவம் என்று எந்தத் துறைக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும் சொற்கள். அதை வைத்து ஒரு பாடத்தைக்கூட மாற்ற முடியாது. பிறகு நானும் இன்னொரு விரிவுரையாளரும் நேரே போனோம். நீர் ஆய்வுகூடங்கள், ஒரு மருந்து உற்பத்தி நிலையம், துணிச் சாயமிடும் ஆலை, கடலுணவு ஏற்றுமதி நிறுவனம். அங்கும் முதலில் முகாமையாளர் அறையில் இருத்தித் தேநீர் தந்து அதே சொற்களைத்தான் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. "உங்கள் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு யார் வேலை பழக்குகிறார்?" என்று கேட்டோம். ஒரு மூத்த ஆய்வுகூட மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா அரை மணித்தியாலத்தில் சொன்னவை நான் அதுவரை படித்த எல்லா அறிக்கைகளையும்விடப் பெறுமதியானவை.

"உங்கட பிள்ளையள் நல்ல பிள்ளையள் சேர். ஆனா நியமக் கரைசல் தயாரிச்சா போத்தலிலை திகதி எழுத மாட்டினம். பிழையா எழுதினதை ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்திலை கையெழுத்து வைக்கத் தெரியாது, ரிப்பெக்ஸ் பூசி அழிச்சுப் போடுவினம். கருவி ஒரு எண்ணைக் காட்டினா அது சரி எண்டு நம்புவினம். பிழையா வந்தா எங்களுக்குச் சொல்லப் பயப்பிடுவினம்."

கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். பிழையைச் சொல்லப் பயப்படுவது குணக்குறை அல்ல. நாங்கள் பழக்கிவிட்டது அது. எங்கள் செய்முறைகளின் விடை எல்லாருக்கும் முன்பே தெரியும். அண்ணாமார் அக்காமாரின் றெக்கோர்ட் புத்தகம் கைமாறி வரும். ஐந்து ஆண்டுகளாக அதே செறிவு, அதே அளவி வாசிப்பு. உண்மையாக அளந்து வேறு விடை பெற்ற பிள்ளைக்குப் புள்ளி குறையும், பார்த்து எழுதிய பிள்ளைக்குக் கூடும். அப்படிப் படித்து வந்தவர் வேலைத்தளத்தில் "என் அளவீடு பிழைத்துவிட்டது" என்று எப்படிச் சொல்வார்?

ஆகவே இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். முகாமையாளரைச் சந்தியுங்கள், மரியாதைக்காக. பிறகு புதியவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழக்குகிறவரைத் தேடிப் பிடியுங்கள். "கடைசியாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் செய்த பிழை என்ன?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

2019இல் ஐரோப்பியப் பங்காளரின் ஆய்வுகூடத்துக்குப் போனோம். பெரிய கருவிகளைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். காட்டினார்கள்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டாமாண்டு மாணவரின் ஒரு செய்முறை. பக்கத்து ஏரியில் தாங்களே நீர் எடுத்து வந்திருந்தார்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். பாவித்த கருவி எங்களிடமும் இருக்கும், ஒளி உறிஞ்சலை அளக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றர். ஒவ்வொருவருக்கும் ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒரு மறைமாதிரி கொடுத்தார். அதன் உண்மையான செறிவு அவருக்கு மட்டுமே தெரியும். மாணவர் விடையோடு நிச்சயமின்மையையும் எழுத வேண்டும்: இவ்வளவு, கூட்டியோ குறைத்தோ இவ்வளவு. உண்மைச் செறிவு அந்த இடைவெளிக்குள் விழுந்தால் புள்ளி. இடைவெளியைச் சும்மா அகலமாகப் போட்டுத் தப்பவும் முடியாது, அதற்கு நியாயம் எழுத வேண்டும். ஒருவரின் குறிப்பேட்டை இன்னொருவர் எடுத்து, எழுதியதை மட்டும் வைத்து அதே அளவீட்டைத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பார்த்தார்.

அன்று மாலை அந்தப் பாடத்தின் பொறுப்பாளரிடம், "இந்தப் பாட அலகை எங்களுக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன். தருகிறேன் என்றார். பிறகு கேட்டார்: "உங்களிடம் ஏரி இருக்கிறதா?"

கிணறு இருக்கிறது என்றேன். அவருடைய அலகை அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. குளிர்நாட்டு ஏரியில் பொசுபரசும் பாசியும் கதை. எங்களுக்கு நைத்திரேற்று, உவர்ப்பு, சுண்ணக்கல்லின் கடினத்தன்மை. வெளிநாட்டுப் பங்காளரிடமிருந்து எடுத்துவர வேண்டியது அவர்களின் பாடப்பட்டியலை அல்ல. மறைமாதிரியும், நிச்சயமின்மையை எழுதும் பழக்கமும், குறிப்பேட்டை இன்னொருவர் சோதிக்கும் முறையும்தான் எனக்குக் கொண்டுவரத் தக்கவையாகத் தெரிந்தன. பொருளை எங்கள் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்தப் பயணத்தைப் பற்றி இன்னொன்று. முதல் விண்ணப்பத்தில் பயணம் போகிறவர்கள் பட்டியலில் விரிவுரையாளர்கள் மட்டுமே இருந்தோம். எங்கள் ஆய்வுகூடத்தை முப்பது ஆண்டுகளாகத் தாங்கி வரும் தொழினுட்ப உத்தியோகத்தர், நாங்கள் எல்லாரும் அண்ணை என்று கூப்பிடுகிறவர், அதில் இல்லை. திட்ட விதியிலோ தொழினுட்ப அலுவலர் என்று தனி வகையே இருந்தது. வாதாடித்தான் சேர்த்தோம். அங்கே நான் விரிவுரை மண்டபங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் அண்ணை களஞ்சிய அறையிலேயே நின்றார். போத்தல்களை எப்படி அடுக்குகிறார்கள், காலாவதித் திகதியை எப்படிக் கண்காணிக்கிறார்கள், குழாயிகளை (பிப்பெட்டுகளை) எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அவை எடுக்கும் தண்ணீரின் நிறையைப் பார்த்துச் சோதிக்கிறார்கள் என்று கைப்பட எழுதிக்கொண்டு வந்தார். திரும்பி வந்து ஒரு கிழமைக்குள் எங்கள் களஞ்சியம் மாறியது. எந்தச் சபையின் அனுமதியும் அதற்குத் தேவைப்படவில்லை. திட்டத்தின் முதற் பலன் அதுதான். செலவு, ஒட்டுத்தாள்களுக்கு மட்டும்.

இனிப் பாடங்களுக்கு வருகிறேன். எங்கள் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு, ஓர் ஆண்டுக்கு 30. ஐரோப்பாவில் ஓர் ஆண்டுக்கு 60, ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். எனவே எங்களுடைய ஒன்று ஏறத்தாழ அவர்களுடைய இரண்டு. இந்தக் கணக்கை முதல் நாளே எல்லாருக்கும் விளங்கப்படுத்திவிடுவது நல்லது. எங்கள் கூட்டத்தில் அவர்களின் 5 கிரெடிட் பாடத்தை எங்களின் 5 கிரெடிட் பாடமாக நினைத்து இரண்டு மாதம் வீணாகத் திட்டம் போட்டோம்.

கணக்கைவிடக் கடினமானது கழித்தல். புதிதாக ஒன்றைச் சேர்க்க எல்லாரும் கைதூக்குவார்கள். 120 என்பது நிரம்பிய பாத்திரம், எதையாவது வெளியே ஊற்றிவிட்டுத்தான் புதிதாக வார்க்க முடியும். ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் ஒரு விரிவுரையாளரின் பத்து, இருபது ஆண்டு உழைப்பும் குறிப்புகளும் இருக்கின்றன. "உங்கள் பாடம் தேவையில்லை" என்று யாருக்கும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாங்கள் செய்தது இது. ஒவ்வொருவரும் தன் பாடத்தை முடித்த பிள்ளை செய்யக்கூடிய மூன்று காரியங்களை ஓர் அட்டையில் எழுத வேண்டும். "அறிவார்", "விளங்கிக்கொள்வார்" என்ற சொற்களுக்கு இடமில்லை. அட்டைகளையெல்லாம் ஒரு நீள மேசையில் பரப்பினோம். ஒரே காரியம் நான்கு அட்டைகளில் இருந்தது. நைத்திரேற்றுக்கு நடந்ததும் அதுதான்: மூன்று இடத்தில் சொல்லப்பட்டது, ஓரிடத்திலும் செய்யப்படவில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்லாமலே இருபது கிரெடிட் அளவில் கூறியது கூறல் வெளிப்பட்டது. அந்த மேசையைச் சுற்றி நின்ற மாலைப்பொழுதை நான் மறக்க மாட்டேன். ஓய்வுக்குக் கிட்டவிருந்த ஒரு மூத்த பேராசிரியர் தன் அட்டைகளில் ஒன்றைத் தானே எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதன்பின் மற்றவர்களுக்கு அது இலகுவாயிற்று.

எதைக் கழிக்கக் கூடாது என்பதிலும் ஒரு பிடிவாதம் வேண்டும். வேலைத்தளத் தேவை என்ற பெயரில் வெப்ப இயக்கவியலையும் குவாண்டம் இரசாயனவியலையும் குறைத்துவிட்டு, குறித்த ஒரு நிறுவனம் பாவிக்கும் கருவியை இயக்கப் பழக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். அந்தக் கருவி ஏழு ஆண்டில் பழையதாகிவிடும். அடிப்படையை இருபத்திரண்டு வயதில் படிக்காதவர் நாற்பதில் உட்கார்ந்து படிப்பது அரிது. இந்த விடயத்தில் எங்களுக்குப் பக்கபலமாக நின்றவர்கள் ஐரோப்பியப் பங்காளர்களைவிட அந்த மருந்து உற்பத்தி நிலையத்தினர்தான். "கருவியை நாங்கள் இரண்டு கிழமையில் பழக்குவோம், ஏன் கருவி வரையும் கோட்டில் இந்த உச்சி இரண்டாகப் பிரிகிறது என்று யோசிக்க நீங்கள் பழக்கி அனுப்புங்கள்" என்றார்கள்.

பீடச்சபை, பாடத்திட்டக் குழு, மூதவை, அதற்கப்பால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இந்தப் படிகளில் ஏற எவ்வளவு காலம் எடுக்கும் என்று திட்டம் எழுதும்போதே கணக்கிடுங்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தில் முதல் ஆண்டு முடிவதற்குள் பீடச்சபைக்கு ஆவணம் போகாவிட்டால், புதிய பாடம் வகுப்பறைக்கு வருமுன் திட்டம் முடிந்துவிடும். நாங்கள் முழுப் பட்டத்தையும் ஒரே மூச்சில் மாற்ற முயலாமல், இருக்கும் பாடக் குறியீடுகளுக்குள்ளேயே செய்முறைகளையும் மதிப்பீட்டையும் முதலில் மாற்றினோம். அதற்குத் துறை மட்டத்து ஒப்புதல் போதுமாக இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் வளாகம் மூடப்பட்டது. கிணற்றுநீர்ச் செய்முறைக்கு முதல் அணி ஆயத்தமாக நின்ற நேரம். பிள்ளைகள் வீடுகளில். யாரிடமும் கருவி இல்லை. ஒரு பிள்ளை தொலைபேசியில், "சேர், அளக்க ஏலாட்டி கிணத்தைப் பாக்கலாம்தானே?" என்று கேட்டது. அதையே வேலையாகக் கொடுத்தோம். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம், அதற்கும் மலக்குழிக்கும் உள்ள தூரம், அயலில் எந்தத் தோட்டம், என்ன உரம், எந்த மாதத்தில் போடுவார்கள். நாடாவும் கயிறும் ஒரு கல்லும் போதும். வெங்காயச் செய்கையைப் பற்றி அப்பாமாரிடம் கேட்டு எழுதினார்கள். வளாகம் திறந்தபோது எங்கள் கையில் குடாநாடு, வன்னி, மன்னார் முழுவதும் பரந்த மாதிரி எடுப்புத் திட்டம் இருந்தது. எந்தக் கிணற்றில் ஏன் அளக்க வேண்டும் என்ற காரணத்தோடு. கூட்டத்தில் இதைக் கணினித் திரையில் கண்ட ஐரோப்பிய நண்பர்கள் அந்த வினாத்தாளைத் தங்களுக்கும் அனுப்பச் சொன்னார்கள்.

முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைத்திரேற்றை அளக்கப் பல வழிகள் உண்டு. கட்மியத்தால் தாழ்த்தி நிறம் உண்டாக்குவது நுட்பமானது, ஆனால் கட்மியம் நஞ்சு, அதன் கழிவை எங்கே கொட்டுவது? நாங்கள் தேர்ந்தது புறஊதா ஒளியில் 220 நனோமீற்றரில் உறிஞ்சலை அளந்து, சேதனப் பொருட்களின் குறுக்கீட்டை 275 நனோமீற்றர் வாசிப்பால் திருத்தும் முறை. தெளிந்த நீருக்கு நல்லது. சேதனக் கழிவு கலந்த நீரில் பிழைக்கும். அது பிழைப்பதையே பாடமாக்கினோம். ஒரு கிணற்றின் தண்ணீரில் திருத்தம் அளவுக்கு மிஞ்சி வந்தபோது ஒரு குழு விடை எழுத மறுத்து, "இந்த முறை இந்தத் தண்ணீருக்குப் பொருந்தாது, வேறு முறையால் சோதிக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் குழுவுக்குத்தான் அன்றைக்கு உச்சப் புள்ளி. அறிக்கையில் "நைத்திரேற்றாக" என்று எழுதாத எவருக்கும் புள்ளியே இல்லை.

எங்களுக்குப் பிழைத்தவையும் உண்டு. நிச்சயமின்மைக்கு அடிப்படையான புள்ளிவிபரவியலை முதலில் தனிப்பாடமாக வைத்தோம். நாணயம் சுண்டுவதும் தாயக்கட்டை உருட்டுவதும் உதாரணங்களாக வந்த அந்தப் பாடத்தை முடித்த பிள்ளைகளால் தங்கள் சொந்த அளவீட்டுக்கு நியம விலகல் கணிக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டு அதை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தோம். ஒரே குழாயியால் பத்துத் தடவை தண்ணீர் எடுத்து நிறுப்பதில் தொடங்கினோம். அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை. புள்ளிவிபரவியல் விரிவுரையாளரும் இப்போது ஆய்வுகூடத்துக்கு வந்து நிற்கிறார்.

கருவி விடயத்தில் நாங்கள் எச்பிஎல்சியைக் கைவிட்டு, சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றர்களைக் கூடுதலாகவும் ஒவ்வொன்றுக்கும் யூபிஎஸ்ஸும் வாங்கினோம். சிலருக்கு அது மனக்குறையாகவே இருந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனது. அந்த மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை போனது. வெளிநாட்டிலிருந்து கரைப்பானோ வாயுவோ உதிரிப்பாகமோ வரவழைக்க முடியவில்லை. எங்கள் இரண்டாமாண்டுச் செய்முறை நிற்கவில்லை. மின்சாரம் வரும் நேரத்தை ஒட்டி அண்ணை காலை ஐந்து மணிக்கு ஆய்வுகூடத்தைத் திறந்தார், பிள்ளைகள் வந்தார்கள். கருவி கேட்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து ஆண்டுக்கு அதற்கு என்ன ஊட்ட வேண்டும், பழுதானால் திருத்துகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

அதே ஆண்டு எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு ஆட்கள். திட்டத்தில் பயிற்சி பெற்ற இளைய விரிவுரையாளர்கள் சிலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் யாரையும் நான் நோக மாட்டேன், பால்மா வாங்கவும் பெற்றோல் அடிக்கவும் நாள்முழுக்க வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் ஒரு பாடத்தை ஒருவரிடம் மட்டும் பழக்கி வைத்திருந்ததால், அவர் போனதும் அந்தப் பாடம் ஓர் அரையாண்டு நடக்கவில்லை. இப்போது ஒவ்வொரு செய்முறைக்கும் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் இடம்பெயராத தொழினுட்ப உத்தியோகத்தர் என்பது எங்கள் துறையின் நியதி.

வெளிநாட்டுப் பங்காளர் யாராலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலும் இருந்தது. தொழிற்பயிற்சிக்கான இடங்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதைச் சுற்றியும்தான். அங்கே ஆய்வுகூடத்தில் அறிக்கை ஆங்கிலத்தில், பேச்சு சிங்களத்தில். வடக்கிலிருந்து போகும் பிள்ளை கூட வேலை செய்கிறவரிடம் ஒரு கண்ணாடிப் பாத்திரம் கேட்கத் தயங்கி நிற்கும். பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தேடுவதே பெற்றோருக்குப் பாரம், அதனாலேயே சிலர் பயிற்சியை வேண்டாம் என்றார்கள். ஐரோப்பிய வேலைத்தளத் திறன் பட்டியல்களில் இது ஒன்றும் இல்லை. எங்கள் பழைய மாணவர்களைத் தேடினோம். கொழும்பில் குடும்பத்தோடு இருக்கும் இரண்டு பழைய மாணவிகள் பாதுகாப்பான விடுதி பார்த்துத் தந்தார்கள். மொழித்துறை நண்பர் ஒருவர் ஆய்வுகூடத்தில் பேசும் சிங்களத்தை மட்டும் ஆறு வாரம் மாலை வகுப்பாக எடுத்தார். எனக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் வேலையில் நிலைத்ததற்கு அந்த வகுப்பு எந்தப் புதிய பாடத்துக்கும் குறையாத காரணம்.

எங்களுக்கு அயலில் நடந்த இன்னொரு கூட்டுமுயற்சியையும் நான் கவனித்து வந்தேன். நோர்வே நிதியில், பேர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வேப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களும் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் தூய சக்திக்கான நனோ பொருட்கள் பற்றிய கல்வியிலும் ஆய்விலும் கைகோத்தன. கடலுக்கு இரு பக்கத்துத் தமிழ் மாணவர்களும் நோர்வே மாணவர்களோடு ஒரே ஆய்வில் நின்றார்கள். வெயிலும் காற்றும் நிறைந்த குடாநாட்டில் சூரியக்கலம் பற்றிய படிப்பு வேர்பிடிப்பது இயல்பு. கூட்டுச் சேருகிறவர்கள் தெற்குக்குத் தெற்காகவும் சேர வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் கடினநீர்ச் சிக்கலுக்கு ஐரோப்பாவைவிடத் தமிழ்நாட்டு ஆய்வுகூடங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

திட்டம் முடிந்து நிதி நின்றது. கிணற்றுநீர்ச் செய்முறை நிற்கவில்லை. பொதுமக்கள் கொண்டுவரும் நீரைச் சிறு கட்டணத்துக்குச் சோதித்துக் கொடுக்கிறோம், அந்தப் பணத்தில் இரசாயனப் பொருட்கள் வாங்குகிறோம். எங்கள் ஆய்வுகூடம், சோதனை ஆய்வுகூடங்களுக்கான சர்வதேச நியமமாகிய ஐஎஸ்ஓ 17025இன் அங்கீகாரம் பெற்றதல்ல என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறோம். ஆனால் அந்த நியமம் கேட்கும் முறையிலேயே குறிப்பேடுகளை நடத்துகிறோம். அங்கீகாரம் பெற்ற இடங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே எதுவும் புதிதாக இருப்பதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ட நாளிலிருந்து எங்கள் சனத்துக்குத் தண்ணீர் பற்றிய பயம் போகவில்லை. மாணவர் ஒருவர் தன் கையெழுத்தோடு கொடுக்கும் தாளை ஒரு தாய் வாங்கி, "இதிலை பிள்ளைக்குக் குடுக்கலாமோ தம்பி?" என்று கேட்கும்போது அந்த மாணவர் நிமிர்ந்து நின்று பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு அடுத்த மீளாய்வு. மேசையில் மறுபடியும் அட்டைகள். இம்முறை என்னுடைய அட்டை ஒன்றை நான் எடுக்க வேண்டும். தொழிற்சாலை இரசாயனவியலில் எரிசோடா உற்பத்தியைப் பன்னிரண்டு விரிவுரைகளில் எடுத்து வருகிறேன். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் தயாரித்த காலத்தில் எழுதப்பட்ட பாடம் அது. தொழிற்சாலை 1980களின் நடுவில் போரோடு நின்றது, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் 1990இல் நின்றது. வேலைத்தளம் போன பின்னும் அதற்கான பாடத்தை நாங்கள் விடவில்லை. ஒருநாள் அது திரும்பும் என்ற நம்பிக்கையில் எனக்கு முன்னால் என் ஆசிரியர் எடுத்தார், அவருக்குப் பின் நான் எடுக்கிறேன். 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மென்சவ்வு, உவர்க்கழிவு, குளோரினேற்றம், நாளாந்த நீர்ச் சோதனை என்று அங்கே இரசாயனவியல் பிள்ளைகளுக்கான வேலை இருக்கிறது. பன்னிரண்டில் எட்டு விரிவுரைகளை அதற்குக் கொடுப்பதென்று எழுதிவிட்டேன். மிகுதி நான்கில் பரந்தன் இருக்கும்.

அண்ணை வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். களஞ்சியத்தைப் பற்றியும் மறைமாதிரி தயாரிப்பதைப் பற்றியும் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதித் தரச் சொன்னேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. பிழையாக எழுதிய இடங்களில் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் வைத்திருக்கிறார்.